கம்பிக் கதவில் தொங்கும் மீன்

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கிற நாளன்று என் வீட்டுக் கம்பிக் கதவில் ஒரு விரால் மீன் தொங்கும். பத்தொன்பது வருடம் தொங்கியது. செவுள் வழியாக ஒரு துண்டு சிவப்பு ஒயரைக் கோர்த்துக் கொண்டியில் மாட்டியிருக்கும். மாட்டியது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பனை நாரில் கோர்ப்பார்கள். ஒயரில் கோர்க்கிறவர் ஊரிலேயே ஒருவர்தான், பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரைக்குடியிலிருந்து இளையாத்தங்குடிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி இடையில் எங்கோ இறங்க வேண்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. காரைக்குடிப் பள்ளி ஒன்றில் விலங்கியல் டீச்சராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து தூக்கம் கெட்டுப்போய், அமைதியாக இருக்கட்டும் என்று இங்கே வந்தேன். அமைதி கிடைத்தது, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. தெருவில் பாதி வீடுகள் பெரிய வீடுகள். கல்யாணம் காட்சி என்றால்தான் திறப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி, ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் போன் பண்ணுவான். "சாப்பிட்டியாக்கா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். அந்த வாரத்துப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அதனால் அந்த மீன் எனக்கு மீன் மட்டும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். விடியும்போதே சனம் கரையில் நிற்கும். மடைக்குப் பக்கத்தில் இருக்கிற கருப்பருக்குத் தேங்காய் உடைத்து, ஊர்த் தலைவரான அம்பலம் கரை மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதுதான் தாமதம், மொத்த ஊரும் தண்ணீரில் இறங்கும். அடியில்லாத கூடை மாதிரி இருக்கிற ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்திப் பிடிப்பவர்கள், வலைக்காரர்கள், பழைய சேலையை விரித்து அரிப்பவர்கள் என்று ஒரே கூச்சல். பிடித்ததை விற்கக் கூடாது, அவரவர் வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். தண்ணீரில் இறங்க ஆள் இல்லாத வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலுக்கு ஒரு மீன் போய்ச் சேரும். யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள், கொண்டுவந்தவர் நின்று நன்றி வாங்கிக்கொள்ளவும் மாட்டார். வந்த முதல் வருடம் கதவில் மீனைப் பார்த்ததும், யாரோ தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் விசாரித்தேன். எலக்ட்ரீசியன் சம்சாரம் சிரித்துவிட்டு, "அது ஒங்க வீட்டு மீனுதான் டீச்சர், போயி அரிஞ்சு கொழம்ப வைங்க" என்றாள். உங்க வீட்டு மீன் என்று அவள் சொன்னதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பல வருடம் அந்த நாள், கறி மீன் சாப்பிடாத எங்கள் தவக்காலத்தில் வந்து விழும். மீனுக்கு விலக்கு உண்டு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆனால் விலங்கியல் டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? வருடா வருடம் விரால் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் முழங்கை நீளம் இருந்தது, பிறகு சாண் அளவு ஆனது, ஒரு வருடம் கதவில் தொங்கியதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. கொசுவலை வைத்துக் குஞ்சு குறுமான் எல்லாவற்றையும் வழித்தெடுப்பதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். மடைக்கு முன்னால் கண்மாயிலேயே ஆழமான கிடங்கு ஒன்று இருக்கிறது. எல்லா இடமும் வற்றினாலும் அங்கே தண்ணீர் நிற்கும், தப்பித்த மீன்கள் கடைசியில் அங்கேதான் ஒதுங்கும். அதையும் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றைக் கையால் துழாவி, ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்தார்கள். அடுத்த மழைக்கு இனப்பெருக்கம் செய்ய எந்த மீன் இருக்கும்?

ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன்னால், நாள் குறிக்கக் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். கையில் சாக்பீஸ் இல்லாததுதான் குறை. விரால் ஜோடியாகத்தான் வாழும், தாயும் தகப்பனும் சேர்ந்துதான் குஞ்சுகளைக் காக்கும், பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன் தின்றுவிடும், ஆகையால் கிடங்கை மட்டும் ஒரு வருடம் தொடாமல் விடுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்த வருசம் பாருங்க, விரால அள்ள ஊத்தா பத்தாது" என்று வேறு சொல்லிவைத்தேன்.

பிறகு அம்பலம், "டீச்சர் படிச்சவுக, வெவரம் தெரியாமயா சொல்லுவாக? ஒரு வருசம் விட்டுத்தான் பாப்பமே" என்றார். அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஊர் என் பேச்சைக் கேட்டிருந்தது. அந்த வருடமும் கதவில் மீன் தொங்கியது. அதுதான் கடைசி விரால்.

கிடங்கைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, வேப்பங்கொத்து கட்டினார்கள். அதை ஏதோ என் சொந்தக் கிணறு மாதிரி காலையும் மாலையும் போய்ப் பார்த்துவருவேன். வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம், டீக்கடை வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது எலக்ட்ரீசியன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், கெடங்குல மீசக்காரன் நிக்கிறான். கருப்பா, தலை பெருசா, நாலஞ்சு இருக்கும். நம்ம கெளுத்தி மாதிரி தெரியல. அத மட்டும் தூக்கிருவமா?"

நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நாலு எட்டு நடந்துபோய்க் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு அன்று பெருமை தலைக்கேறி இருந்தது. ஒருவருக்கு வழிவிட்டால் ஊரே இறங்கிவிடும் என்ற பயமும் இருந்தது. அவர் ஊரிலேயே கெட்டிக்கார விரால் பிடிகாரர் வேறு. தவளையைத் தூண்டிலில் கோர்த்துப் போட்டாரென்றால் மீன் தப்பாது. அந்தத் தந்திரத்தோடுதான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"விரால் மேல ஆசை வந்துருச்சுன்னா நேரா சொல்லுங்க. மீசைய எதுக்கு இழுக்குறீக?" என்றேன்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். நான் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

அந்த மீசைக்காரன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று தடை இருந்தும், மேலே எவனோ தோட்டத்துக் குட்டையில் திருட்டுத்தனமாக வளர்த்திருக்கிறான். முந்தின மழையில் குட்டை உடைந்து, வெள்ளத்தோடு எங்கள் கண்மாய்க்கு வந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும், தன் குஞ்சைக்கூட விடாது. தண்ணீர் கெட்டாலும் சாகாது. வழக்கம்போலக் கிடங்கை இறைத்திருந்தால், விராலோடு சேர்த்து அதையும் வழித்துப் போட்டிருப்பார்கள். நான் வேலி கட்டிக் காவல் இருந்தது அதற்குத்தான். தொட்டி மாதிரிச் சுருங்கிய தண்ணீரில், ஒதுங்க வந்த விரால், கெண்டை, அயிரை எல்லாவற்றையும் அதற்கு விருந்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மீன்பிடி நாளன்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். கிடைக்கப்போகும் விராலுக்கு டீச்சர் மீன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். துண்டு வீசினார்கள், இறங்கினார்கள். முதல் ஊத்தாவில் ஒரு கருப்பு மீன், இரண்டாவதில் இன்னொன்று. கரை மேல் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாம் மீசை. இடையில் கொஞ்சம் ஜிலேபிக் கெண்டை. ஒரு விரால் இல்லை. கூச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. அத்தனை பேர் தண்ணீரில் நின்றும் சத்தமில்லாத கண்மாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்பலம் மட்டும் கரையேறும்போது, "சாமிக்கு ஆக்கிப் படைக்க ஒரு விரால் இல்லாமப் போச்சே டீச்சர்" என்றார். பெண்கள் சிலர் அந்த மீனைத் தொட மாட்டோம் என்று கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவை வெயிலில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தால், கம்பிக் கதவில் மீன் தொங்குகிறது. சிவப்பு ஒயர். அவ்வளவு பெரிய மீன் என் கதவில் தொங்கியதே இல்லை. கிட்டே போனேன். கெளுத்தி. மீசை கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது.

நான் அழுதேன். படிச்சவுக என்று சொல்லப்பட்டவள், அறுபது வயதுக்காரி, ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் வேறொன்றும் தோன்றியது. அன்று கண்மாயில் கிடைத்தது அந்த மீன்தான். அவர் என்னைக் குத்திக்காட்ட மாட்டினாரா, அல்லது எது கிடைத்தாலும் இறங்க ஆள் இல்லாத வீட்டுக்குப் பங்கு போக வேண்டும் என்று மாட்டினாரா? போய்க் கேட்டுவிடலாம், நடுவே ஒரு மதில் சுவர்தான். கேட்கவில்லை. மீனைத் தென்னைக்கு அடியில் புதைத்தேன், ஒயரைக் கழுவி அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு தெருவில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "இருக்கீகளா டீச்சர்", "இருக்கேன்" என்பது நடந்தது. ஆனால் வாசலில் நின்று பேசுவது நின்றுபோனது. எலக்ட்ரீசியன் சம்சாரம் மதில் மேல் வைக்கிற கறிவேப்பிலைக் கொத்து நின்றது. நானும் எதையும் வைக்கவில்லை. சில நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான், அன்று காலையிலிருந்து என் குரலையே நான் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வரும். பைபிளைச் சத்தமாக வாசிப்பேன். பக்திக்காக என்று சொன்னால் பொய்.

கிடங்கில் கெளுத்தி மிச்சம் இருந்தது. அந்த மீனுக்காக யார் இறைப்பார்கள்? நான் உண்டாக்கிய வினை, நானே தீர்க்கிறேன் என்று காரைக்குடிக்குப் போய்த் தூண்டில் வாங்கிவந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மீனை அறுத்துக் காட்டிப் பாடம் எடுத்தவளுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. முதல் நாள் முள் என் சேலையில்தான் மாட்டியது. கோழிக் கடையில் குடல் வாங்கி, கோர்த்துப் போட்டு, கரையில் குடையை விரித்து உட்காருவேன். வைகாசி, ஆனி, ஆடி, வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. பல நாள் ஒன்றும் இருக்காது. பிடித்ததையெல்லாம் தென்னைக்குத்தான் போட்டேன். தென்னை நன்றாகக் காய்த்தது.

எனக்குக் கெளுத்தி டீச்சர் என்று பேர் வந்தது. கண்மாய்க் கரையில் பைக்கில் போகிறவர்கள், "என்ன டீச்சர், முடிஞ்சுச்சா பரீட்சை?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் சளைக்காமல், "இன்னும் நாலு பேரு பாக்கி, நீயும் வாறியா?" என்பேன். அந்தப் பேச்சுக்குக்கூட நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. புரட்டாசியில் பதினைந்து நாள் தொடர்ந்து ஒன்றும் மாட்டவில்லை. இருக்கிறதா, தீர்ந்ததா என்று தெரியாமலே ஐப்பசி மழை வந்து கண்மாய் ரொம்பியது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, மழை விட்டு வெயில் அடித்தது. பழக்க தோஷத்தில் மடைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கரையோரம் அல்லிக் கொடிக்கு நடுவில் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. குங்குமம் கொட்டிப்போன மாதிரி ஒரு தட்டு அகலத்துக்குச் சிவப்பு. அது அசைந்தது. கலைந்தது, சேர்ந்தது. நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வந்து வந்து போயின. விரால் குஞ்சு சின்னதில் அந்த நிறம்தான். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். அவற்றுக்கு அடியிலிருந்து தாய் எழும்பி, ஒரு தடவை வாயைத் திறந்து காற்றை வாங்கிவிட்டுக் கீழே போனது. முழங்கை நீளம் இருக்கும். வெள்ளத்தில் வந்ததோ, கிடங்குச் சேற்றுக்குள் கிடந்தே தப்பியதோ, தெரியாது.

முதலில் தோன்றியது, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பது. அம்பலத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்ட வேண்டும். டீக்கடை வாசலில் நின்று, பாருங்கடா என்று கத்த வேண்டும். தம்பிக்குப் போன் பண்ணலாம், அவன் "அப்படியாக்கா? சாப்பிட்டியா?" என்பான்.

அப்போதுதான் கரை மேல் சைக்கிள் சத்தம் கேட்டது. எலக்ட்ரீசியன். மடைக்குப் பக்கத்தில் இருக்கிற பம்ப்செட்டுக்கு ஏதோ வேலைக்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்து நின்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவராகச் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னை நோக்கி இறங்கி வந்தார். நான் எழுந்து, அல்லிக் கொடியை மறைத்தாற்போல நாலடி முன்னால் போனேன்.

"இன்னும் விடலயா டீச்சர் அந்த மீசக்காரன?" என்றார்.

"அன்னைக்கே ஒங்க பேச்சக் கேட்டிருக்கணும்" என்றேன். ஒன்றரை வருடம் தொண்டையில் கிடந்தது, அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "நாலு பேருக்கு முன்னால ஒங்கள அப்புடிச் சொன்னது தப்பு. நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"அட, விடுங்க டீச்சர். நான் அத எப்பவோ மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் சிரித்தார். தண்ணீரைப் பார்த்தார். பிடிகாரர் பார்வை அது, ஓரமாகவே மேயும். "விரால் ஏதும் கண்ணுல படுதா? குஞ்சு கிஞ்சு தட்டுப்படுதா?"

சிவந்த தண்ணீர் எனக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. சொன்னால் அவர் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். மதியத்துக்குள் ஒரு தவளையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்றும் தெரியும். குஞ்சு நிற்கிற இடத்தில் தவளையைப் போட்டால் தாய் பாய்ந்து கவ்வும். பசிக்காக இல்லை, பிள்ளைகளிடமிருந்து விரட்டுவதற்கு. அவர் கெட்டவர் இல்லை. அந்த மீனை அவர் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோயிருக்க மாட்டார். சிவப்பு ஒயரில் கோர்த்து, நேராக என் கதவில் மாட்டியிருப்பார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "கெளுத்திதான்."

"ம்" என்றார். "அப்ப இந்த வருசமும் அம்புட்டுத்தான்." பிறகு வெயில் ஏறுகிறது என்று கிளம்பினார். கரை மேல் ஏறித் திரும்பி, "குடை எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார்.

இது மார்கழி. குஞ்சுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து, சிவப்பு மங்கிக் கருக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் கூட்டமாகத்தான் திரிகின்றன, தாய் இன்னும் அடியில் இருக்கிறது. ஊருக்கு என் பேர் கெளுத்தி டீச்சர்தான். சித்திரையில் துண்டு வீசுவதற்கு முன் இதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இந்தத் தடவை யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை. அதுவரை காலையில் போய் மதியம் வரை உட்காருகிறேன். குடை இருக்கிறது, தூண்டில் இருக்கிறது. பைக்கில் போகிறவர்கள் கேலி செய்கிறார்கள், நானும் பதிலுக்குச் சொல்கிறேன். தண்ணீருக்குள் போட்டிருக்கிற நூலின் முனையில் முள் இல்லை.